அதிகாரியின் மீசைக்கு அடியில் ஒரு பொத்தான்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. ஒளிப்பானேன்? ஜாவாவின் சலாத்திகாவில், பலுபிக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, நடக்க நடக்கவே எழுதிக்கொண்டிருக்கிறேன். என் பெயர் திந்தா. எங்கள் நிறுவனம் செய்யும் இணையப் பக்கங்களுக்கு வாசகம் எழுதுவது என் வேலை. பலுபி அவற்றைச் சீர்செய்பவள். ஒரே பக்கம் ஓர் உலாவியில் ஒழுங்காக நிற்கும், இன்னோர் உலாவியில் கை ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாகக் கிடக்கும். எல்லாவற்றிலும் நிமிர்த்தி வைப்பது அவள் பாடு. சரியாகச் செய்தால் யார் கண்ணுக்கும் தெரியாது. தெரிந்தால் வசவுதான்.

முதல் வரியை இப்படி எழுதினேன்: மெர்பாபு மலையின் பனி மெல்ல விலகிய அந்தக் காலைப் பொழுதில் பலுபி தன்—

வேண்டாம். பனியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இன்று பள்ளிச் சேர்க்கையின் கடைசி நாள். மாலை நான்கு மணிக்கு மாவட்டத்தின் சேர்க்கைப் பக்கம் மூடிவிடும். அதற்குள் விண்ணப்பம் போகாத பிள்ளைக்கு உள்ளூர் அரசுப் பள்ளியில் இடம் கிடையாது. அந்தப் பக்கத்தைச் செய்தது நாங்கள்.

2

மதியம் தொலைபேசி அடித்தது, பலுபி எடுத்தாள். மலையடிவாரத்தில் முட்டைக்கோஸ் பயிரிடும் சுமார்மி. சேர்க்கைப் பக்கத்தில் போட்டிருந்த எங்கள் எண்ணைப் பார்த்துக் கூப்பிட்டிருந்தார். (எங்கள் ஊரில் ம்பாக் என்றால் அக்கா, இபு என்றால் அம்மா, பாக் என்றால் ஐயா.)

"ம்பாக், என் பொண்ணு வெனிங்கோட விவரமெல்லாம் போட்டுட்டேன். அனுப்புற பொத்தானைத்தான் காணோம்."

"கடைசியில இருக்கும், இபு. பச்சையா."

"கடைசியில ஒரு ஐயா சிரிச்சுக்கிட்டு நிக்கிறாரு. பெரிய மீசை. பொத்தான் இல்லையே. என் தம்பி தூக்கிப்போட்ட போன் இது, அதனாலயா?"

பலுபிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

(அந்த ஐயா மாவட்டக் கல்வி அதிகாரி. எங்கள் பக்கத்து அரசு அலுவலகங்களுக்கு அதிகாரியின் படமும் வரவேற்புரையும் இல்லாமல் இணையப் பக்கமே கிடையாது. பள்ளிச் சேர்க்கை என்ன அவர் வீட்டுக் கல்யாணமா என்று கேட்காதீர்கள். நானும் கேட்டுவிட்டுத்தான் அந்த வரவேற்புரையை எழுதிக் கொடுத்தேன்.)

புது உலாவிகளில் படம் பொத்தானுக்குப் பக்கத்தில் நிற்கும். 'பக்கத்தில் நில்' என்ற கட்டளை பழைய கைப்பேசிகளின் உலாவிக்குப் புரியாது. புரியவில்லை என்று சொல்லவும் சொல்லாது. படத்தைத் தூக்கிப் பொத்தான்மேல் போட்டுவிட்டுச் சும்மா இருக்கும். பலுபி இதை முன்பே கண்டுபிடித்து, அந்த உலாவிகளில் மட்டும் படம் பொத்தானுக்குக் கீழே போகும்படி திருத்தியிருந்தாள். இப்போது பார்த்தால் அந்தத் திருத்தத்தையே காணோம்.

3

முதலாளி பாக் ஹெந்தார்த்தோ தெம்பே பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்.

"அந்தத் திருத்தத்தை நான்தான் எடுத்தேன். பொத்தானுக்குக் கீழயா அவர் தலை? கல்வி ஆபீஸ்ல கொதிச்சுப் போயிட்டாங்க."

"அப்ப பொத்தானைப் படத்துக்கு மேல வச்சிடறேன், பாக்."

"மூஞ்சி மேலயா? ஊர்ல இருக்கிறவனெல்லாம் கட்டை விரலால அவர் மூஞ்சில அழுத்தணுமா? பேசறதை யோசிச்சுப் பேசு."

"படத்தையே எடுத்துட்டா?"

"அடுத்த வருஷ வேலை நமக்கு வராது, நாளையிலிருந்து நீயும் வரவேண்டாம். என் போன்ல நல்லாத்தானே இருக்கு?"

"உங்க போன் போன மாசம் வாங்கினது, பாக். அந்தம்மாவோடது அவங்க தம்பி தூக்கிப்போட்டது."

"மெதுவாப் பேசு."

இந்த இடத்தில் பலுபி மேசையில் ஓங்கி ஓர் அடி—

(இல்லை. ஜாவாவில் முதலாளியிடம் குரலை உயர்த்த மாட்டோம். 'சரி, பாக்' என்போம். அந்தச் 'சரி'க்குள் எத்தனை வசவு இருக்கிறது என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.)

"சரி, பாக்" என்றாள் பலுபி. எழுதுகிற எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

4

திரும்பி வந்து ஒரே ஒரு வரி சேர்த்தாள். படம் இருந்த இடத்திலேயே இருக்கும், இம்மியும் நகராது. ஆனால் அதைத் தொட்டால் தொடுகை படத்தில் நிற்காமல் அடியில் உள்ள பொத்தானுக்குப் போய்விடும். பிறகு சுமார்மியைக் கூப்பிட்டாள். பக்கத்தைப் புதிதாகத் திறந்து விவரங்களை மறுபடி போடச் சொன்னாள்.

"ஆச்சா, இபு? இப்ப அந்த ஐயாவோட மீசையை அழுத்துங்க."

"என்னது?"

"மீசையை. நட்ட நடுவுல."

"ஐயையோ, பெரிய மனுஷரும்மா! யாராவது பார்த்தா?"

"பார்க்கட்டும். அழுத்துங்க."

பிறகு ஒரே கூச்சல்.

"போயிடுச்சு! வெனிங், போயிடுச்சுடி! மீசை வழியாப் போயிடுச்சு!"

5

இங்கேயே முடித்தால் நீங்கள் சிரித்துக்கொண்டு போவீர்கள். அது முடிவு ஒன்று.

முடிவு இரண்டில் அதிகாரியின் பேரனுக்கே விண்ணப்பம் போகாமல் நின்றது. எழுதிவிட்டு அடித்துவிட்டேன். அதிகாரிகளின் பேரன்கள் கையில் பழைய கைப்பேசி இருப்பதில்லை.

நிஜத்தில், மூன்றரை மணிக்குச் சுமார்மி மறுபடி கூப்பிட்டார். "எங்க தெரு முழுக்க மீசையை அழுத்தச் சொல்லிட்டேன், ம்பாக். சந்தையிலயும் சொல்லிட்டேன். மேல இருக்கிற ஊர்களுக்கு யாரு சொல்லுவா? அங்க எனக்கு யாரையும் தெரியாதே. அந்தப் படத்தை எடுத்துத் தொலைச்சா என்ன?"

பலுபி பக்கத்தின் நிரலைத் திறந்து, படத்துக்கான வரியின் முனையில் சுட்டியை வைத்தாள். அப்படியே உட்கார்ந்திருக்கிறாள்.

வாசகரே, அவள் துணிந்து அழிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள். ஏன்? படத்தைப் போடச் சொன்னவர் ஒருவர், திருத்தத்தைப் பிடுங்கியவர் இன்னொருவர். வேலையைப் பறிகொடுப்பதற்கு மட்டும் இவளா? அவளைத் தியாகியாக்கி உங்கள் கண்ணைத் துடைக்கவைக்க எனக்கு இஷ்டமில்லை. பயந்துவிட்டாள் என்று எழுதவும் கை வரவில்லை. முடிவை நான் எழுத மாட்டேன், அவள் தலையிலும் கட்ட மாட்டேன். இந்த அநியாயத்தைப் பார்த்துக்கொண்டு—

"திந்தா," என்கிறாள் பலுபி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அப்பத்திலிருந்து என்னத்தை எழுதிக்கிட்டே இருக்கே? வாசகம் மாத்தறதுக்கு உனக்கும் பாஸ்வேர்டு கொடுத்திருக்காங்கதானே? அதுலயே படத்தையும் எடுக்கலாம்."

கொடுத்திருக்கிறார்கள்.

மணி மூன்றே முக்கால். இதை எழுதிக்கொண்டிருக்கும்வரை என் விரல்கள் வேறெதையும் செய்யப்போவதில்லை என்பது உங்களுக்கும் தெரிகிறது. அதனால் இந்த வரியோடு எழுதுவதை நிறுத்துகி—