மூடிய பாதிப் பக்கம்

என் ஓரகத்திக்கும் எனக்கும் ஒரே சமையலறை, ஒரே பள்ளிக்கூடம். வீட்டில் நான் மூத்தவள், அவள் என்னை அக்கா என்பாள். பள்ளியில் போன வருஷத்திலிருந்து அவள் மொழித்துறைத் தலைவி, நான் அவளை மேடம் என்று கூப்பிட வேண்டும். பதினாறு வருஷம் சாக்பீஸ் தூளை விழுங்கியவள் நான். நேற்று வந்தவளுக்கு மேடம் போடச் சொன்னால் வயிறு எரியாதா? எனக்கு எரிந்தது.

வந்த கையோடு ஒரு புது முறையைக் கொண்டுவந்தாள். பாடத்தை ஒரே மூச்சில் வாசிக்கக் கூடாதாம். பக்கத்தின் கீழ்ப்பாதியை அட்டையால் மூடிக்கொள்ள வேண்டும். தெரிகிற வரை வாசித்து நிறுத்த வேண்டும். அடுத்து என்ன நடக்கும், ஏன் அப்படி நினைக்கிறாய் என்று ஒவ்வொரு பிள்ளையும் ஒரு சீட்டில் எழுத வேண்டும். அப்புறம்தான் அட்டையை நகர்த்தலாம். தப்பாக எழுதினாலும் பரவாயில்லையாம், காரணம் இருந்தால் போதுமாம். அவள் வகுப்புப் பக்கம் போனால் சந்தைக்கடை மாதிரி இரைச்சல். என் வகுப்பில் மின்விசிறி சத்தம் மட்டும்தான் கேட்கும்.

ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"அக்கா, உங்க பிள்ளைங்க நல்லா வாசிக்கிறாங்க. யோசிக்கிறாங்களா?"

"பதினோரு வருஷமா என் பத்தாம் வகுப்புல ஒருத்தர்கூட ஃபெயிலானதில்லை. அதுக்குப் பேரு என்ன?"

"மனப்பாடம்."

நான் கரண்டியை மேடையில் போட்ட போட்டில் என் கொழுந்தன் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு வந்த வழியே போய்விட்டார். புத்திசாலி.

மறுநாள் காலை என் மேஜை மேல் அவள் கையெழுத்துப் போட்ட தாள் இருந்தது. வியாழக்கிழமை என் வகுப்பைப் பார்க்க வருகிறாளாம். புது முறையில் நடத்த வேண்டுமாம். திருப்தி இல்லையென்றால் பத்தாம் வகுப்பு வேறு ஆசிரியருக்குப் போகுமாம். பெற்றவர்கள் என்னை வழியில் நிறுத்திக் கும்பிடுவது பத்தாம் வகுப்பு டீச்சர் என்பதால்தான். அது போனால் நான் அந்தக் கட்டடத்தில் யார்?

யார் தலையில் மிளகாய் அரைக்கப் பார்க்கிறாள் என்று கறுவிக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். புயலில் கப்பலைத் திருப்பும் மாலுமியின் கதையை எடுத்தேன். மூன்று நாள் ஒத்திகை. எந்த வரியில் நிறுத்துவேன், யார் கை தூக்க வேண்டும், என்ன காரணம் சொல்ல வேண்டும், எல்லாம் எழுதிக் கொடுத்தேன். எல்லாரும் சரியாகச் சொன்னால் சந்தேகம் வருமே என்று இரண்டாவது பெஞ்சு நெட்டைச்சியைத் தப்பாகச் சொல்ல வைத்தேன். "இல்ல டீச்சர், இப்ப யோசிச்சா வேற மாதிரி தோணுது" என்று அவள் நெற்றியைத் தேய்க்க வேண்டும். நன்றாகவே தேய்த்தாள்.

வியாழக்கிழமை ஓரகத்தி கடைசி பெஞ்சில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தாள். நான் வாசித்தேன். முதல் இடத்தில் நிறுத்தினேன், கைகள் சரசரவென்று உயர்ந்தன. அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அந்தத் தெம்பில்தான் இரண்டாவது இடத்தில் ஒரு பத்தி முன்னாலேயே நிறுத்தித் தொலைத்தேன்.

"மாலுமி ஏன் கப்பலைத் திருப்பினான்?"

சின்னவள் ஒருத்தி எழுந்தாள். "அவனோட அண்ணன் பாறைமேல விளக்கு காட்டுறான் டீச்சர். அந்த வெளிச்சத்தைப் பார்த்துத் திருப்பினான்."

"அண்ணனா?" கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்தது. "இதுவரைக்கும் வாசிச்சதுல அண்ணன் எங்கம்மா வர்றான்?"

குழந்தை பக்கத்தைப் பார்த்தாள். அண்ணன் அட்டைக்குக் கீழே இருந்தான். நெட்டைச்சி நிலைமை புரியாமல் எழுந்து, "இல்ல டீச்சர், இப்ப யோசிச்சா வேற மாதிரி தோணுது" என்று நெற்றியைத் தேய்த்தாள்.

குட்டு வெளிப்பட்டுவிட்டது. நான் அசடு வழிய நின்றேன். ஓரகத்தி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து எல்லாருக்கும் கொடுத்தாள், எனக்கும் ஒன்று.

ஐந்தே வரி. ஒரு பெண் தன் வீட்டுச் சாவி தொலைந்துவிட்டது என்று பூட்டுக்காரரைக் கூட்டி வருகிறாள். அவர் கதவைப் பார்க்கிறார், கருவிகளை எடுக்கிறார். அவளை ஒருமுறை பார்க்கிறார். கருவிகளைத் திரும்பப் பையில் போட்டுக்கொள்கிறார்.

"ஏன்னு எழுதுங்க. எது வேணா எழுதலாம்."

ஒருத்தர் பேனாவும் அசையவில்லை. முப்பத்தேழு பிள்ளைகளும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். நான் தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெள்ளை.

"மிச்சம் எங்க மேடம்?" என்றேன்.

"மிச்சம் இல்ல. அவ்வளவுதான் எழுதினேன்."

பத்து நிமிஷம் கழித்துச் சீட்டுகளை வாங்கிப் புரட்டினாள். வகுப்புக்கு வெளியே என்னைக் கூப்பிட்டு, "அடுத்த வாரத்துலேருந்து பத்தாம் வகுப்பை நான் எடுத்துக்கறேன்" என்றாள்.

"இதுக்குத்தானே வந்தே? எடுத்துக்கோ. வீட்ல நீ எந்த மூஞ்சியோட என் எதிர்ல உக்காருவேன்னு பாக்கறேன்."

"கோபப்படுங்க அக்கா. ஆனா முதல்ல இதைப் படிங்க" என்று சீட்டுக் கட்டை என் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

முக்கால்வாசி வெறும் சீட்டு. சிலர் கேள்வியையே அழகாகத் திருப்பி எழுதியிருந்தார்கள். நெட்டைச்சியின் சீட்டில் மட்டும் இரண்டு வரி: 'டீச்சர் முகத்தைப் பார்த்தேன். இன்னைக்கு ஒண்ணும் தெரியலை.'

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வாசலில் நின்றபடியே அவளைக் கூப்பிட்டேன்.

"என்னடி எழுதி வச்சிருக்க? பூட்டுக்காரர் ஏன் திரும்பிப் போனார்னு உனக்கா ஒண்ணுமே தோணலையா?"

என் கண்ணை, என் புருவத்தை, என் வாயை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"தோணணுமா டீச்சர்?" என்றாள்.