ஒழுகாத ஓப்பன் கார்

பழைய ஓப்பன் கார் ஒன்று நல்ல நிலையில் இருக்கிறது என்றால், அதன் பழைய முதலாளி செத்த பிறகும் பின் சீட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். வாங்கி விற்கும் புரோக்கர்கள் இதை மறைப்பதில்லை. டயர் பாதி தேய்ந்திருக்கிறது, பாட்டரி புதிது, பின்னால் ஆள் உண்டு என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். உயிரோடு இருக்கையில் வாரம் தவறாமல் வண்டியைத் துடைத்து, மழை வந்தால் தன் தலையை விட்டுவிட்டு வண்டியின் தலையை மூட ஓடியவர்கள், அதை அடுத்தவன் கையில் அப்படியே விட்டுப் போக மனமில்லாமல் தங்கிவிடுகிறார்கள். அவர்களுக்கு எடை கிடையாது, அதனால் மைலேஜ் குறையாது. ஆனால் வாய் உண்டு. பின்னால் ஆளில்லாத பழைய காரும் கிடைக்கும்தான். அதில் காலை வைக்கிற இடத்தில் ஓட்டை வழியாக ரோடு தெரியும். யாரும் சீண்டாத வண்டியில் யாரும் தங்குவதில்லை.

ஒழுகல்காரர் என்று எல்லோரும் கூப்பிட்ட மனிதர் இப்படியொரு காரைத் தேடக் கிளம்பியது தன் மனைவிக்காக. அவருடைய தொழில் மொட்டை மாடி ஒழுகலை அடைப்பது. மாடியில் தண்ணீரைத் தேக்கி வைத்துவிட்டு, கீழே அறைக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். விருந்தாளியாகப் போன வீட்டிலும் முதலில் பார்ப்பது வீட்டுக்காரர் முகத்தை அல்ல, உத்தரத்தின் மூலையைத்தான். "ஈரம் கசிஞ்சு ஓதம் ஏறியிருக்கே" என்று சொல்லிவிட்டுத்தான் "சௌக்கியமா" என்று கேட்பார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காததால் இரண்டு மூன்று சொந்தக்காரர்கள் அவரைக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார்கள்.

இந்த மனிதருக்கு வாய்த்த மனைவிக்கு நகரும் கூரை ஆகாது. வீட்டுக் கூரை ஆகும், அது நின்ற இடத்தில் நிற்கிறது. பஸ்ஸோ ரயிலோ, தலைக்கு மேல் மூடியோடு எது நகர்ந்தாலும் முகம் நீலம் பாரித்து, தெருமுனை தாண்டுவதற்குள் மூச்சு நின்றுவிடும். கல்யாணமாகி வந்தபோதே பெட்டியோடு நடந்துதான் வந்தாள். ஒரே மகள் மலைக்கு அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனாள். ஆரம்பத்தில் அவள்தான் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனாள். பிறகு அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரி வாசலில் வாடகைக் காருக்குள் வைத்ததுமே குழந்தையின் முகம் நீலம் பாரித்ததைப் பார்த்து, "அப்படியே எங்கம்மாவக் கொண்டிருக்கு" என்று மகள் சொன்னாள். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அதோடு தாயும் மகளும் மலைக்கு ஆளுக்கொரு பக்கமாக நின்றுபோனார்கள்.

மூடியில்லாத லாரி ஒன்றில் ஏறி வந்துவிடும்படி மகள் சொன்னாள். மாப்பிள்ளை எங்கேயோ ஒரு திறந்த ஜீப் இருப்பதாகச் சொன்னார். ஒழுகல்காரர் இரண்டையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "சம்பந்தி வீட்டுக்கு முதல் தடவை போறோம். மூட்டை மாதிரியா போய் இறங்குறது?" என்றார். உண்மை என்னவென்றால், இளவயதில் ஒரு மாடியில் தார் பூசிக்கொண்டிருந்தபோது கீழே ஓப்பன் கார் ஒன்று போவதைப் பார்த்திருந்தார். மாடியில் வேலை செய்கிறவனுக்கு எந்த வண்டியும் வெறும் கூரைதான். அந்த ஒன்றில் மட்டும் ஓட்டுகிறவர் முகம், பக்கத்தில் இருந்தவர் மடியிலிருந்த பை எல்லாம் தெரிந்தன. மாடியில் நிற்கிறவர்கள் பார்ப்பதற்காகவே செய்த கார் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. மனைவியை உட்கார வைத்து அப்படி ஒன்றில் போவதை எந்த மாடியிலிருந்தாவது யாராவது பார்க்க வேண்டும் என்று ஆசை. அந்த ஆசையைத்தான் அவர் வெகுகாலம் அக்கறை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

முதலில் பார்த்த கார் பக்கத்துத் தெருவில், மூடிப்போன மாவு மில்லின் ஷெட்டில் நின்றது. வெளிர்பச்சை நிறம், மூக்கும் முழியுமாக இருந்தது. பின் சீட்டில் ஒரு பல் டாக்டரம்மா வெள்ளைக் கோட்டோடு உட்கார்ந்திருந்தார். புரோக்கர் மூடியை மடித்துவிட்டு, ஒழுகல்காரரின் மனைவியை முன் சீட்டில் உட்காரச் சொல்லி, வண்டியை ஷெட்டுக்குள்ளேயே மெல்லத் தள்ளினார். அவள் பழக்க தோஷத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். "வாயை நல்லாத் தொறந்து மூச்சு விடும்மா, ஒண்ணும் ஆகாது" என்றார் பின்னாலிருந்து டாக்டரம்மா. அவள் விட்டாள். ஒன்றும் ஆகவில்லை. நகருகிற ஒன்றில் உட்கார்ந்தபடி அவள் சிரித்ததை ஒழுகல்காரர் அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தார்.

அந்த இடத்திலேயே காரை வாங்கியிருக்க வேண்டும். அவரோ மூடியை இழுத்து மாட்டச் சொல்லி, ஒரு வாளித் தண்ணீரை அதன் மேல் ஊற்றிவிட்டு, உள்ளே போய் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து இடது பக்கப் பின் மூலையில் ஒரு சொட்டு திரண்டு டாக்டரம்மாவின் மடியில் விழுந்தது. செத்தவர்கள் நனைவதில்லை என்பதால் அவருக்கு ஒன்றுமில்லை. ஒழுகல்காரருக்குத்தான் முகம் சுருங்கிவிட்டது.

"அண்ணே, நீங்க மூடியத் தொறந்து வச்சு ஓட்டத்தானே வாங்குறீங்க?" என்றார் புரோக்கர்.

"தொறக்கிறதுக்கு முன்னாடி அது ஒழுகாம இருக்கணும்ல, தம்பி?"

இந்தப் பதிலில் என்ன தப்பு என்று அவருக்குப் பல வருஷம் விளங்கவில்லை. பிற்காலத்தில் இதை அவரே சொல்லிக் காட்டி, தன் மண்டையில் ஓதம் ஏறியிருந்ததை மட்டும் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று சிரிப்பார்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும், மலை ஏற மாட்டாத தன் பழைய ஸ்கூட்டரில் வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு கிளம்பினார். ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் இருந்த காரில், விலை பேசும்போதெல்லாம் அவர் பின்னாலிருந்து விஷயத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்தார். ஒரு நாடக நடிகரின் காரில் வாளியைத் தூக்கியதுமே அவர் மார்பில் கை வைத்துச் சாய்ந்துவிட்டார், ஏற்கெனவே செத்தவர் என்பது அவருக்கே மறந்துவிட்டது. பங்கு பிரிக்காமல் செத்த அண்ணன் தம்பி இருவர் ஒரு காரில் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார்கள். எல்லாக் காரும் அழகாகத்தான் இருந்தன, எல்லாமே எங்கேயோ ஒரு சொட்டு ஒழுகின. வாளியோடு அவர் தலை தெரிந்ததும் புரோக்கர்கள் பூட்டைப் போட ஆரம்பித்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம் பேத்தி குப்புற விழுந்தாள், நடந்தாள், பள்ளிக்கூடம் போனாள், முன்பல் விழுந்து பொக்கை வாயானாள். எல்லாமே போனில்தான். ஒருநாள் போனில் அவள், "பாட்டி, நீ நெஜமாவே இருக்கியா, இல்ல குரல் மட்டுந்தானா?" என்று கேட்டாள். பாட்டி போனைக் கணவரிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அந்த வாரமே ஒழுகல்காரர் ஒழுகாத காரைக் கண்டுபிடித்தார். அதன் பின் சீட்டில் ஒரு பாங்க்கின் பெட்டக அறையைக் காவல் காத்தவர் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். ஒரு வாளி ஊற்றியும் சொட்டு இல்லை. இன்னொரு வாளி, பிறகு குழாயையே இழுத்து வந்து பீய்ச்சினார். உள்ளே வெயில் காலம் போல உலர்ந்திருந்தது. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பேரம்கூடப் பேசாமல் வாங்கி, தெரு முழுக்க ஹாரன் அடித்துக்கொண்டு வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். மனைவி வருஷக்கணக்காகக் கட்டித் தயாராக வைத்திருந்த பையோடு வந்து பக்கத்தில் ஏறினாள். அவர் மூடியின் கொக்கியைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. இறங்கி வெளியிலிருந்து தள்ளினார், எண்ணெய் விட்டார், காலை முட்டுக்கொடுத்து நெம்பினார். கித்தானும் தகடும் ஒன்றோடொன்று ஊறி ஒரே உடம்பாகிவிட்டிருந்தன. அப்போதுதான் பின் சீட்டுக்காரர் முதல்முறையாக வாயைத் திறந்தார். "நான் ஒருநாளும் தொறந்ததில்லீங்க. தொறந்தா தூசி வரும்."

மனைவி கோபப்படவில்லை. உள்ளே ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். "நல்லா இருக்குங்க, வீடு மாதிரியே இருக்கு" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஒழுகல்காரர் அந்த ஒழுகாத காருக்குள் தனியாக உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார். குறை சொல்ல அதில் ஒன்றுமே இல்லை. அவளைப் பேத்தியிடமிருந்து பிரித்து வைத்தது மலையல்ல, தான்தான் என்று அவருக்கு அப்போது புரிந்தது. வெட்கத்தில் அழுதார். பின்னால் ஆள் இருக்கிற நினைப்பு வந்ததும் இருமுவதுபோல் பாவனை செய்தார்.

மறுநாள் காலையில் வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. வெளிர்பச்சைக் கார் மூடி மடித்து நின்றது. ஸ்டீயரிங்கில் அவர் மனைவி, பின்னால் டாக்டரம்மா. முன் சீட்டில் பேத்திக்காக வருஷா வருஷம் தைத்து வைத்த கவுன்கள் சின்னதிலிருந்து பெரிதுவரை அடுக்கியிருந்தன.

"இது எப்படி வந்துச்சு?"

"இன்னும் அந்த மில் ஷெட்டுலதான் நின்னுச்சு. நான் வாங்கிட்டேன்."

"எப்ப ஓட்டக் கத்துக்கிட்ட?"

"நீங்க ஞாயித்துக்கிழமையானா வாளியத் தூக்கிட்டுப் போனீங்கள்ல, அப்ப. டாக்டரம்மா சொல்லிக் கொடுத்தாங்க. பின்னாடி ஏறுங்க, முன்னாடி துணி இருக்கு."

இப்படியாக, பின் சீட்டில் ஆள் இருக்கும் காரையெல்லாம் ஒழுகுகிறது என்று ஒதுக்கித் திரிந்தவர், பின் சீட்டு ஆளாகவே அந்தக் காரில் போனார். மலை ஏற ஏற, கியரை மாற்று என்று டாக்டரம்மாவும் மாற்றாதே என்று அவரும் சொல்லிக்கொண்டே வர, "ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடிட்டு வர்றீங்களா?" என்று மனைவி சொன்னாள். பெட்ரோல் போட்டவர் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு கை மாறின வண்டியாம்மா?" என்று கேட்டார். மனைவி ஆமாம் என்றாள். ஒழுகல்காரர் மறுக்கப் போய், எதற்கு வம்பு என்று விட்டுவிட்டார். மலை உச்சியில் மழை பிடித்துக்கொண்டது. அவள் மூடியை இழுக்கவில்லை. "மூடினா எனக்கு மூச்சு நிக்கும். நனைஞ்சா உங்களுக்குச் சளிதான் பிடிக்கும்" என்றாள். வாழ்நாளெல்லாம் பிறத்தியார் தலையில் சொட்டு விழாமல் காத்த மனிதர், முழு மழையையும் தன் தலையில் வாங்கிக்கொண்டு, வாய்பேசாமல் போய்ச் சேர்ந்தார்.

மகள் வாசலுக்கு ஓடி வந்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தவளின் கண்ணில் பின் சீட்டு பட்டது. அங்கே செத்துப்போன ஒரு டாக்டர் பக்கத்தில், உதடு வெளுத்து, கண் குத்திட்டு, அவள் அப்பா. "அப்பா எப்பம்மா?" என்றாள். "எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையேம்மா." காரின் கதவைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதாள். தனக்காக இவள் இவ்வளவு அழுவாள் என்று ஒழுகல்காரருக்குத் தெரியாது. உடனே சொல்லிவிடாமல் இன்னும் கொஞ்சம் கேட்கலாம் என்றுகூட ஒரு அற்ப ஆசை வந்தது. தும்மல் வந்து கெடுத்துவிட்டது. மகள் அழுகையை நிறுத்தி, அவர் கையைத் தொட்டுப் பார்த்து, ஈரமும் சூடுமாக இருந்ததால் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினாள். அதற்குள் பேத்தி முன்னால் ஏறி, பாட்டியின் கன்னத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வண்டியை எடுக்கச் சொன்னாள். நகருகிற காரில் மூச்சு விட முடியும் என்பது அன்றுவரை அவளுக்கும் தெரியாது.

அதன் பிறகு மாதம் தவறாமல் போய் வந்தார்கள். ஒழுகாத கார் வீட்டின் பின்புறம் நின்றது. அதில் தார் டின்களையும் ஷீட்டுகளையும் போட்டு வைத்தார், பெட்டகக்காரர் பத்திரமாகப் பார்த்துக்கொண்டார். முன் சீட்டு காலியாக இருந்த நாளிலும் ஒழுகல்காரர் பின்னாலேயே ஏறினார். இடது மூலையை அடைத்துக்கொண்டே இருந்தார், அது பக்கத்திலேயே வேறொரு இடத்தில் ஒழுகிக்கொண்டே இருந்தது. இப்படிக் குறை உள்ள வண்டியை ஜென்மத்தில் பார்த்ததில்லை என்று ஒவ்வொரு பயணத்திலும் சொன்னார். சில வருஷம் கழித்து ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் போன பிறகும் மனைவி, பச்சைக் கார் நின்ற ஷெட்டுப் பக்கம் போகவில்லை. அவளுக்குப் பயம். ஆசையாக வைத்திருந்தவர்கள்தான் தங்குவார்கள். இவரோ ஒருநாளும் அந்தக் காரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னவரில்லை. தங்கியிருக்க மாட்டார் என்றுதான் அந்தக் காரை விற்ற புரோக்கரும் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார். தெரியாமல் இருக்கும்வரை இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம் என்று அவள் நாளைக் கடத்தினாள். பேத்தி போன் செய்து எப்போது வருகிறாய் என்று கேட்ட பிறகுதான், ஒரு மழைநாள் காலையில் சாவியை எடுத்துக்கொண்டு போனாள். ஷெட்டின் கூரையிலிருந்து சொட்டிய தண்ணீர் காரின் மூடியில் விழுந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்தாள். டாக்டரம்மா வலது பக்கம் நகர்ந்து இடம்விட்டு உட்கார்ந்திருந்தார். இடது பக்கத்தில் ஒழுகல்காரர் அண்ணாந்து மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஒழுகுது" என்றார்.

"ஒழுகட்டும்" என்றாள் அவள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூடியை மடித்துப் பின்னால் தள்ளி, வண்டியை எடுத்தாள். மலைப்பாதையில் அன்று லாரிகள் அதிகம். போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது.