ராஜாங்கத்தின் பேரில் ஓடிய ரத்தம்

ராஜாங்கத்துக்குச் சர்க்கரை இருப்பது ஊருக்கே தெரியும்; காண்ட்ராக்ட் ஆபீசுக்கு மட்டும் தெரியாது. நிலக்கரி மைன்சில் கன்வேயர் பெல்ட் ஓரம் அவருக்கு வேலை. வருஷத்துக்கு ஒரு முறை மெடிக்கல் தேறினால்தான் கேட் பாஸ் கிடைக்கும். சர்க்கரை கூடியிருந்தால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

அதனால் ஆறு வருஷமாக அவர் பேரில் ரத்தம் கொடுப்பது மச்சான் செங்குட்டுவன். மனைவி ருக்குமணியின் தம்பி, ஆட்டோ ஓட்டுகிறவன். ஒரு சிரிஞ்சு ரத்தத்துக்கு ஒரு மட்டன் பிரியாணி என்று பேச்சு. "ராஜாங்கம்!" என்று கூப்பிட்டால் கூச்சமே இல்லாமல் கையை நீட்டுவான். மெடிக்கல் எடுக்கும் கிளினிக்கில் சர்க்கரைக் கட்டத்தை மட்டும் பார்த்து முத்திரை குத்துவார்கள். மிச்சக் கட்டங்களை எவன் படிக்கிறான்?

இந்தத் தடவை மெடிக்கல் முடிந்த பத்தாம் நாள் ராஜாங்கத்துக்கு வயிற்று வலி வந்தது. மச்சானின் ஆட்டோவிலேயே மந்தாரக்குப்பம் ஸ்கேன் சென்டருக்கு வந்து இறங்கினார்.

"டை மருந்து ஊசி போட்டு ஸ்கேன் எடுத்தாத்தான் தெளிவா தெரியும்" என்றார் டாக்டர் நந்தினி. "அந்த மருந்த கிட்னிதான் வெளிய தள்ளணும். கிட்னி எப்படி வேல செய்யுதுன்னு பாக்குற கிரியேட்டினின் டெஸ்ட் எடுத்திருக்கீங்களா?"

எதற்கு இன்னொரு குத்து என்று ராஜாங்கம் பிளாஸ்டிக் கவரை நீட்டினார். ஆறு வருஷ ரிப்போர்ட்டும் அதில் பத்திரமாக இருந்தது. மேலே இருந்ததைப் பார்த்ததும் டாக்டர் எழுந்தே நின்றுவிட்டார்.

"கிரியேட்டினின் ஆறு புள்ளி எட்டு! ஒண்ணுக்கிட்டதான் இருக்கணும். உங்களுக்கு டை போட முடியாதுங்க. கிட்னி ரெண்டும் படுத்துக்கெடக்கு. எப்படி நடந்து வந்தீங்க?"

ராஜாங்கம் திருவதிகை சாமிக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டார். தலையில் முடி இல்லாதது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. பிறகுதான் புத்தி வேலை செய்தது.

"டாக்டரம்மா, அது என் ரத்தமே இல்லீங்க!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். நடந்ததையெல்லாம் உற்சாகமாகச் சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை.

"அப்ப அந்த ஆளு எங்க?"

ராஜாங்கத்தின் சிரிப்பு நின்றது. ஜன்னல் வழியே பார்த்தார். ஆட்டோவின் பின்சீட்டில் செங்குட்டுவன் படுத்திருந்தான். கால் வீங்கிச் செருப்பு சேரவில்லை என்று போன வாரம் ஒரு சைஸ் பெரிதாக வாங்கியிருந்தான். 'அக்கா வூட்டு சோறுடா, காலு வரைக்கும் கொழுப்பு' என்று கிண்டல் செய்தவர் இவர்தான். இடுப்பு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கித் தினம் விழுங்குகிறான். அதுவும் அவருக்குத் தெரியும். இரண்டையும் டாக்டரிடம் சொன்னார்.

டாக்டர் பழைய தாள்களைப் புரட்டினார். "போன வருஷம் ஒண்ணு புள்ளி ஒண்ணு. அதுக்கு முன்னாடியும் நல்லாத்தான் இருந்திருக்கு. அந்த வலி மாத்திரையால இருக்கலாம். புதுசா கெட்டதுன்னா திரும்பக்கூடிய வாய்ப்பு உண்டு. கிட்னி டாக்டருக்கு இந்தக் கவர் அவசியம் வேணும். ஆனா எல்லாத்துலயும் உங்க பேரு. இது யாரு ரத்தம்னு எழுதிக் கையெழுத்து போடுங்க."

"எழுதுனா என் பாஸ் போயிடுங்களே."

டாக்டர் பேனாவை நீட்டினார்.

வேலை பெர்மனென்ட் ஆகவில்லை, பாஸும் போனால் வீட்டில் அடுப்பு எரியாது. நாமாக உளறியிருக்க வேண்டாம் என்று தன்மேலேயே எரிச்சலாக வந்தது. எழுதாமல் எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தார். அப்படி நினைத்ததற்கு அவருக்கே அவர்மேல் அருவருப்பாக இருந்தது. எழுதினார். கையெழுத்தும் போட்டார்.

வெளியே வந்து மச்சானைத் தட்டி எழுப்பினார்.

"இன்னா மாமா, ஸ்கேன் எடுத்தாச்சா?"

"எனக்கு அப்புறம் பாத்துக்கலாம். நீ எறங்குடா. ஒனக்குத்தான் ரத்தம் எடுக்கணுமாம்."

"மறுபடியும் மெடிக்கலா? அப்ப பிரியாணி உண்டு" என்று சிரித்துக்கொண்டே வந்தான். ராஜாங்கம் அவனை ரத்தம் எடுக்கும் அறைக்குக் கூட்டிப்போனார்.

நர்ஸ் ஊசியைப் பிரித்துக்கொண்டே, "பேரு?" என்று கேட்டாள்.

"ராஜாங்கம்" என்றான் செங்குட்டுவன், கையை நீட்டியபடி.

"டேய்" என்று அவன் தோளைப் பிடித்துக்கொண்டார் ராஜாங்கம். கண் கலங்கிவிட்டது. "ஓம் பேரச் சொல்லுடா."