சுவருக்குள் நிற்கும் மேசன்

துறைமுகத்து வீதியில் ஸைனுலாப்தீன் முதலாளியின் அரிசிக் கிட்டங்கியைத் தம்பிராசா என்ற மேசன் சுவருக்குள் இருந்தபடியே திருத்தினார். ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்திரண்டு பங்குனிக் கடைசியில், யப்பான்காரன் குண்டு போட்ட காலையில் அவர் உள்ளே போனார். அந்தச் சுவர் ஒல்லாந்தர் காலத்தது என்பார்கள். சரிதானா என்று தெரியவில்லை. வெளியே முருகைக்கல், உள்ளே செங்கல், நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்து நிற்கக்கூடிய வெளி. அந்த வெளியில் நிரப்பியிருந்த பழைய சாந்து உக்கிப்போயிருந்தது. சீமெந்து முழுவதும் கடற்படைக்குப் போய்க்கொண்டிருந்ததால், வெறும் சுண்ணாம்புச் சாந்தை வைத்துக்கொண்டு தம்பிராசாவும் அவருடைய கூட்டாளி கனகரத்தினமும் கற்களைக் கழற்றி வேலை செய்துகொண்டிருந்தார்கள். சைரன் ஊதியதும் மற்றவர்கள் பதுங்குகுழிக்கு ஓடினார்கள். வீதியிலேயே தடிப்பான சுவர் அதுதான் என்று தம்பிராசா அதற்குள் புகுந்துகொண்டார்.

குண்டுச் சத்தம் ஓய்ந்தபின் கனகரத்தினம் சாமான்களை எடுக்க வந்தார். கழற்றிய கல்லைக் கழற்றியபடி விட்டுவிட்டு எந்த மேசனும் வேலைத்தலத்தை விட்டுப் போகமாட்டான். ஊரே பெட்டி படுக்கையோடு ஓடிக்கொண்டிருந்தபோதும் அவர் நின்று, கற்களைப் பொருத்தி, சாந்து வைத்து அடைத்து, ஈரச் சாக்கைத் தொங்கவிட்டுவிட்டுத்தான் மூதூருக்கு வள்ளம் ஏறினார். தம்பிராசா அந்நேரம் உப்புவெளியில் வீட்டில் இருப்பார் என்று நினைத்தார். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

சனங்கள் திரும்பி வந்தபோது தம்பிராசா வீட்டில் இல்லை என்பது தெரிந்தது. கனகரத்தினம் ஓடிப்போய்த் தான் அடைத்த கல்லைக் கழற்றினார். உள்ளே ஆளும் இல்லை, எலும்பும் இல்லை. ஆனால் வெளியின் இரண்டு பக்கமும் புதிதாகப் பூசப்பட்டு, இன்னும் ஈரமாக இருந்தது. மறுபடியும் கல்லை வைத்து அடைத்துவிட்டார்கள். பிறகு குண்டு அதிர்வில் வெடித்திருந்த இடுக்குகள் ஒவ்வொன்றாக நிரம்பின. முதலாளி லுஹர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போயிருக்கும் மத்தியான நேரத்தில்தான் அது நடந்தது. கட்டைவிரலால் வலமிருந்து இடமாக ஓர் இழுப்பு: தம்பிராசா இடக்கைக்காரர். விரல் வெளியே வந்ததை ஒருவரும் காணவில்லை, தடம் மட்டும் வெளிப்பக்கம் இருந்தது.

இதனால் வந்த சிக்கல் அவருடைய மனைவி இராசமலருக்குத்தான். உடல் கிடைக்காவிட்டாலும் அந்தியேட்டிச் சடங்கு செய்து, தாலியைக் கழற்ற வேண்டும் என்று அவளுடைய தம்பி கதிரவேல் ஒற்றைக்காலில் நின்றான்.

“செய்யாமல் விட்டால் அத்தான் எங்கை போவார், அக்கா?”

“அவர் எங்கையும் போகேல்லை. அதுதானே கதை.”

வெடிப்பெல்லாம் அடைபட்டுவிட்டால் அவர் போய்விடுவார் என்று அவள் பயந்தாள். அதனால் காலையில் வந்து ஓர் இடுக்கைச் சுரண்டி, கல்லை நனைத்து, தேங்காய்ச் சிரட்டையில் சாந்து குழைத்து வைப்பாள். மத்தியானம் இடுக்கு நிரம்பியிருக்கும், சிரட்டை வெறுமையாக இருக்கும். முதலாளி ஒருநாள் கண்டுவிட்டார்.

“என்ன புள்ள, என்ட சுவரத் தோண்டுறாய்? யப்பான்காரன் விட்டுட்டுப் போனத நீ முடிச்சு வைக்கப் போறியா?”

“நான் சுரண்டாட்டி அவருக்கு அங்கை என்ன வேலை, முதலாளி?”

முதலாளி சுவரைத் தட்டிப் பார்த்தார். கடற்படையின் பீரங்கி சுடும்போது பக்கத்துக் கடைகள் ஆடின, அவருடையது ஆடவில்லை. தினம் ஓர் இடுக்குக்கு மேல் வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

கதிரவேல் நம்பவில்லை. ஒரு கல்லை அசைத்து எடுத்து, முழங்கைவரை உள்ளே விட்டான். ஒரு கை அதைப் பிடித்தது. சூடும் இல்லை, குளிரும் இல்லை, சுண்ணாம்பு தின்ற சொரசொரப்பான விரல்கள். அவன் வெளியே இழுத்தான். மேலே ஓடுகள் கலகலத்தன, உள்ளே மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் அலறினார்கள்.

“விடடா விசரா, சுவர் வருகுது!” என்று ஓடிவந்த கனகரத்தினம் கத்தினார். கதிரவேலுக்கு முன் உள்ளிருந்த கைதான் விட்டது.

அவன் கையைப் பார்த்தபடி நிலத்தில் இருந்துவிட்டான். “அத்தான்தான். மற்றக் கையாலை சுவரைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். இழுக்க ஏலாது.” அதன் பிறகு அந்தியேட்டியைப் பற்றி அவன் வாய் திறக்கவில்லை.

யுத்தம் முடிந்தது. கப்பல்கள் குறைந்தன, கடைகளுக்கும் சீமெந்து வரத் தொடங்கியது. ஒருநாள் மத்தியானம் இடுக்கு அடைபடாமல் கிடந்தது, சிரட்டையில் சாந்து இறுகிக் கிடந்தது. மறுநாளும் அப்படியே. இராசமலர் விரல்களை விட்டுத் துழாவினாள்; வெறும் காற்று. அவளுடைய கை தாலிக்குப் போனது. கதிரவேல் பக்கத்தில் நின்றான்.

அப்போது நாலு கடை தள்ளித் துணிக்கடை வைத்திருந்த கலீலுர் றஹ்மான், சாரனை மடித்துக் கட்டியபடி வந்தார்.

“இந்தா புள்ள, என்ட பின்சுவரு ரெண்டு நாளா உள்ளால பூசுப்படுது. ஆரு வரச் சொன்ன?”

“அவருக்கு ஆர் சொல்ல வேணும், காக்கா? வெடிப்பைக் கண்டால் சும்மா நிக்கமாட்டார்.” அவள் தாலியை விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். “சாந்து காணுமோ தெரியாது, குழைச்சுக் கொண்டு வாறன்.”

கலீலுர் றஹ்மான் கடைக்குத் திரும்பினார். அன்று பின்னேரமே அவருடைய ஆட்கள் துணிக்கட்டுகளைச் சுவரைவிட்டுத் தள்ளி அடுக்கி, சுண்ணாம்பு சிந்தாமல் மேலே பழைய சாக்கு விரித்தார்கள், மேசன் வேலை நடக்கும்போது எல்லாக் கடைகளிலும் செய்வதுபோல.