ஏழாம் எண் தகடு

அன்று மைதானத்துக் கொட்டகையில் இருந்தவர்கள் ஐந்தே பேர். பிறகு ஐம்பது பேர் ‘நான் என் கண்ணால் பார்த்தேன்’ என்று சொல்லித் திரிந்ததால், முதலிலேயே எண்ணிச் சொல்லிவிடுவது நல்லது. ஏழாம் எண் காரின் சொந்தக்காரரான அச்சகக்காரர். அவருடைய மனைவி. மனைவியின் தம்பி, கடிகாரம் பழுது பார்ப்பவர். பழைய கார் பந்தயக் கிளப்பின் செயலாளர்; கழுத்தில் எந்நேரமும் ஊதல் தொங்குவதால் அவருக்கு விசில் என்றே பெயர். இருபத்திரண்டாம் எண் காரை ஓட்டும் பல் டாக்டர். ஆறாவது ஆள் கிடையாது.

அந்தக் கிளப்பில் வேகமாக ஓட்டுகிறவன் ஜெயிப்பதில்லை. எண்பது வயதுக் கார்களை வேகப்போட்டிக்கு விட்டால் மிஞ்சுவது இரும்புக் கடைக்குத்தான் போகும். ஒரு சுற்றுக்கு எத்தனை நேரம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். ஆறு சுற்றிலும் அந்த நேரத்தைக் காப்பாற்ற வேண்டும். ஒரு செகண்ட் முந்தினாலும் பிந்தினாலும் ஒரு புள்ளி போய்விடும். ஓட்டுகிறவர் கையில் கடிகாரம் இருக்கக் கூடாது. காரில் இருக்கும் கடிகாரத்தின் மீதும் கறுப்பு டேப் ஒட்டிவிடுவார்கள். நேரம் பார்ப்பது இடப்பக்கம் உட்காரும் துணை ஆள்.

பத்தொன்பது வருடமாக அந்த இடப்பக்கம் மைத்துனருடையது. எஞ்சின் போடுகிற சத்தத்தில் வாய்ப்பேச்சு எடுபடாது. முழங்காலில் ஒரு தட்டு தட்டினால் மெதுவாக, இரண்டு தட்டினால் அழுத்து. அச்சகக்காரர் பாதையை மட்டும் பார்ப்பார். மற்றதை முழங்கால் பார்த்துக்கொள்ளும்.

இந்த வருடம் அந்த முழங்காலில்தான் எல்லாம் இருந்தது. பந்தயப் பட்டியலில் முப்பது காருக்குத்தான் இடம். மூன்று வருடம் தொடர்ந்து முதல் பத்துக்குள் வராத கார் காட்சிப் பட்டியலுக்குப் போய்விடும். பிறகு கயிறு கட்டி நிறுத்திவைப்பார்கள். ஜனங்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். அச்சகக்காரருக்குப் போன வருடம் மழை கெடுத்தது, அதற்கு முந்தைய வருடம் காரின் அச்சு முறிந்தது. ஏழாம் எண் அவருடைய அப்பா கிளப்பைத் தொடங்கிய ஆட்களில் ஒருவராக வாங்கிய எண். பானெட்டுக்கு முன்னால் திருகியிருந்த தகரத் தகடும் அப்பா தன் கையால் வாங்கியதுதான்.

விசில் முடிவுத்தாளைப் பலகையில் குத்தினார். ஏழாம் எண் பதினொன்றாவது இடம்.

அச்சகக்காரர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கிட்டத்தில் போய்ப் பார்த்தார். எழுதிக் கொடுத்தது மூன்று நிமிடம் பத்து செகண்ட். ஓடியது மூன்று பதினாலு. அடுத்த சுற்றும் மூன்று பதினாலு. ஆறு சுற்றும் அதேதான்.

பல் டாக்டர் ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தார். “என்ன சார், இப்படி நழுவிடுச்சு? ஆனா பாருங்க, நாலு செகண்டுன்னா நாலுதான், ஆறு தடவையும் ஒரு மயிரிழை பிசகல. என் பக்கத்துல உக்கார்றவன் ஒரு சுத்துல ரெண்டு விடுவான், அடுத்ததுல ஒம்போது விடுவான். கடிகாரக்காரர் கைன்னா கைதான்!”

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. கையுறையைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

அச்சகக்காரர் திரும்பவில்லை. தாளைப் பார்த்தபடியே கேட்டார்.

“கடிகாரம் மக்கர் பண்ணுச்சாடா?”

“இல்ல அத்தான்.”

“கண்ணு ஏதும்?”

“இல்ல.”

விசிலுக்கு அவசரம். “மன்னிச்சுக்குங்க பெரியவரே, விதி விதிதான். உங்க எடமும் ஏழாம் எண்ணும் காலி. அதை இன்னைக்கே நிரப்பியாகணும். காத்திருக்கறவங்க பட்டியல்ல முதல் ஆள்…” என்று கோப்பைப் பிரித்தவர், பெயரைப் படிக்கவில்லை. கடிகாரக்காரரை நிமிர்ந்து பார்த்தார். அந்த விண்ணப்பப் படிவம் அச்சகக்காரர் கிளப்புக்கு இலவசமாக அடித்துக் கொடுத்தது. அச்சகத்து மேசையில் கட்டுக் கட்டாகக் கிடந்ததில் ஒன்றை உருவத் தெரியாதவனா மைத்துனன்?

“கார் எப்ப வாங்கினே?” என்றார் அச்சகக்காரர்.

“ஆறு மாசமாச்சு.”

“தம்பி கார் வாங்கினது எனக்குத் தெரியும்” என்றார் மனைவி. “‘சமயம் பார்த்து நானே அத்தான்கிட்ட சொல்றேன்க்கா’ன்னான். இது சத்தியமா எனக்குத் தெரியாதுங்க.”

அச்சகக்காரர் மனைவியைப் பார்த்தார். ஆறு மாதம் ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பாடு. பிறகு பார்வையை எடுத்துவிட்டார்.

கடிகாரக்காரர் இனி மறைக்க என்ன இருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, சத்தமாகவே சொன்னார். “பத்தொம்பது வருஷம் அத்தான். பேப்பர்ல உங்க பேரு, கோப்பையில உங்க பேரு. ஒரு நாளாவது ‘இந்தா, ஒரு சுத்து நீ ஓட்டு’ன்னிருப்பீங்களா?”

“நீ கேட்டியா?”

“கேட்டிருந்தா சாவி குடுத்திருப்பீங்களா?”

கொடுத்திருக்க மாட்டார். அது அச்சகக்காரருக்கும் தெரியும். ஆனால் கேட்டு மறுக்கப்பட்டவன் சண்டை போடலாம், கோபித்துக்கொண்டு வீட்டுப் படி ஏறாமல் இருக்கலாம். முழங்காலில் கை வைத்துக்கொண்டே கழுத்தை அறுக்கலாமா?

அவர் வெளியே போனார். கருவிப் பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்துத் தகட்டின் இரண்டு நட்டையும் தானே கழற்றினார். அழுக்குத் துணியால் முன்பக்கம் துடைத்தார், பின்பக்கமும் துடைத்தார். மைத்துனர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தார். அச்சகக்காரர் அவரைத் தாண்டிப் போய் விசிலிடம் கொடுத்தார்.

“கிளப் சொத்து. எண்ணி வாங்கிக்குங்க, ஒண்ணு.”

கடிகாரக்காரர் பையிலிருந்து சுற்று நேரம் பார்க்கும் கடிகாரத்தை எடுத்தார். அதுவும் அச்சகக்காரருடைய அப்பாவுடையது. “அத்தான், இதையாவது…”

“வச்சுக்குங்க” என்றார் அச்சகக்காரர். அந்த ‘ங்க’ மைத்துனரைச் சுட்டது, முகத்தில் தெரிந்தது. கல்யாணத்தன்று தொடங்கி ‘டா’ போட்ட வாய் அது. “இனி உங்க எடப்பக்கம் உக்கார ஒருத்தர் வருவார்ல, அவருக்கு வேணும். நல்லா விசாரிச்சு வச்சுக்குங்க.”

காரைக் கிளப்பினார். மனைவி இடப்பக்கக் கதவருகே தயங்கி நின்றார். அச்சகக்காரர் ஏறு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மனைவி தானாகவே ஏறிக்கொண்டார். வழியில் ஒரு வளைவில் வண்டி வேகமாகத் திரும்பியபோது மனைவியின் கை அவர் முழங்காலில் பட்டது. அவர் காலை அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டார்.

இப்போது உறவுக்குள் ஒரு பேச்சு உலவுகிறது. வயதாகிவிட்டது என்று அச்சகக்காரரே பெருந்தன்மையாக ஏழாம் எண்ணை மைத்துனருக்கு விட்டுக்கொடுத்தாராம். தகட்டைத் தன் கையாலேயே கழற்றி, வாழ்த்திக் கொடுத்தாராம். இரண்டு வீட்டு மானத்தையும் சேர்த்து மூட அளவெடுத்துத் தைத்த பேச்சு. யார் தைத்தது என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தினமும் சோறு போடுகிற கைதான். கேட்கிறவர்கள் அவரை மெச்சவும் செய்கிறார்கள்.

அவர் விட்டுக்கொடுக்கவில்லை. வாழ்த்தவும் இல்லை. தகட்டைக் கழற்றியது மட்டும் நிஜம்.