கை இல்லாத காட்சி

1

முதலில் ஒரு வாக்குமூலம். இந்தக் கதை மனச்சாட்சியில் பிறக்கவில்லை, பயத்தில் பிறந்தது. றொகான் இயக்கிய சண்டைப் படத்துக்கு வசனம் எழுதியவன் நான். அதில் வள்ளம் ஓட்டிய உதயகலா என்னைப் பற்றி ஊரில் என்ன கதைப்பாளோ என்று நடுங்கி, முந்திக்கொண்டு எழுதுகிறேன். ஆகவே என்னை முழுசாக நம்ப வேண்டாம்.

தொடக்கம்: வல்வெட்டித்துறைக் கடலில், நனைந்த சட்டை உடம்போடு ஒட்ட, அவள் —

(சீ. வெட்டியாயிற்று. வெட்டியதை ஏன் விட்டுவைத்தேன் என்கிறீர்களா? எனக்கும் அந்தச் சந்தேகந்தான்.)

2

மறுபடி. தண்ணீருக்குள் கூராக நிற்கும் முருகைக்கற்களுக்கு நடுவே உள்ள ஒடுங்கிய வழியால் உதயகலா தன் வள்ளத்தைக் கரைக்குக் கொண்டுவந்தாள். பொம்பிளை வள்ளம் ஓட்டுவதோ என்று துறையில் சிரித்தவர்களுக்கு அந்தக் காட்சியைக் காட்ட வேண்டும். அதற்காகத்தான் நடிக்கவே சம்மதித்தாள். நாயகன் கிருஷாந் கடல் ஒத்துக்கொள்ளாமல், தின்றதெல்லாம் வெளியே வர, வள்ளத்துக்குள் கிடந்து சத்தி எடுத்தார்.

(கவனித்தீர்களா? சத்தி எடுத்தவர் 'எடுத்தார்', ஓட்டியவள் 'கொண்டுவந்தாள்'. ஒருவரும் சொல்லித்தரவில்லை, தானாக வந்தது. இனி மாற்றுகிறேன்.)

எங்கள் பக்கத்துத் திருநெல்வேலியில், றொகானின் அறையில், வெட்டி ஒட்டிய படத்தைப் போட்டுக் காட்டினார்கள். உதயகலாவின் இடுப்பு. கழுத்து. பறக்கும் தலைமயிர். திரும்பவும் இடுப்பு. இஞ்சின் பிடியில் மட்டும் கிருஷாந்தின் கை. அதைக் கரையில் வைத்து எடுத்திருந்தார்கள்.

உதயகலா இரண்டு தரம் போடச் சொல்லிப் பார்த்தார்.

"என்ரை கை எங்கை?"

சண்டைப்படத்தில் சனம் இதைத்தான் பார்க்கும் என்று றொகான் சொன்னான். உதயகலா என் பக்கம் திரும்பினார்.

"அண்ணை, நீங்கள் எழுதினதிலை நான்தானே ஓட்டினனான்?"

"ஓம்," என்றேன்.

(பொய். நான் எழுதியது: 'அவள் அவனைப் பார்க்கிறாள்.' அந்த இடத்தில் அவனைப் பார்த்திருந்தால் வள்ளம் கல்லில் ஏறியிருக்கும்.)

3

முடிவுகள்.

உதயகலா றொகானின் கன்னத்தில் ஒன்று விட்டார். (விசில் பறக்கும். ஆனால் அதுவும் றொகானின் படந்தான்.)

உதயகலா அழுதார், கண்ணீர் மெல்ல அவர் கன்னத்தில் — (என்னை எனக்குத் தெரியும். வேண்டாம்.)

நடந்தது இதுதான். கையைக் காட்டுவதென்றால் இன்னொருக்கால் ஓட்டுகிறேன் என்று அவர் சொன்னார். அடுத்த நாள் காலை எல்லோரும் வள்ளத்தில் ஏறினோம். முன்பக்கத்தில் கமராவோடு றொகான், பக்கத்தில் கிருஷாந், கொப்பியோடு நான். மூன்று பேரும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்பக்கத்தில் இஞ்சினைப் பிடித்திருந்த அவரையே பார்த்தபடி நின்றோம். நீங்களும் அங்கேதான் நிற்கிறீர்கள். முதல் வரியிலிருந்து பார்த்துக்கொண்டுதானே வருகிறீர்கள்?

கல் கிட்ட வந்தது. உதயகலாவின் பார்வை எங்கள் ஒருவர்மீதும் இல்லை. எங்களைத் தாண்டித் தண்ணீரைத் தேடியது.

"முன்னுக்கு நிக்கிறவை குனியுங்கோ," என்றார். "எனக்குக் கல்லுத் தெரியேல்லை."

யார் குனிந்தது, யார் குனியவில்லை என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் முதலில் குனியுங்கள்.