மஞ்சள் மாத்திரை

இந்தக் காலத்தில் எவனும் மனுசனைப் பார்த்துப் பேசுவதில்லை, காகிதத்தைப் பார்த்துத்தான் பேசுகிறான் என்பது மாயவனின் நெடுநாள் குறை. செங்கல்பட்டில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த இருபத்தெட்டு நாளில் அது இன்னும் வலுத்துவிட்டது. காய்ச்சல் விட்டு இரண்டு வாரமாகிறது. காலையில் நாலு இட்லி தின்கிறார். அதையெல்லாம் பார்க்காமல் டாக்டர் ரூத், அட்டையைப் புரட்டி, "இன்னும் பதினாலு நாள் ஊசி இருக்குது தாத்தா" என்றாள்.

"பைய கட்டிட்டேன். கடப்பாக்கத்துல வலையில எறா பட்டுகினு கீதாம். நா போறேன்."

"முள்ளு குத்துன புண்ணு வழியா பூந்த கிருமி ரத்தத்தோட போய் இதயத்து வால்வுல குந்திக்கிச்சி. கதவு மாதிரி தெறந்து மூடுற எடம் அது. பாதியில வுட்டா கதவையே தின்னுடும். சாதா மருந்துக்கெல்லாம் பழகிப்போன கிருமி தாத்தா. இந்த ஊசிக்குத்தான் அடங்குது."

"நீ பள்ளிக்கூடம் போன, கத்துக்கின. கண்ணுக்கே தெரியாத பூச்சி எங்கம்மா போய்ப் பழகிக்கினு வந்துது?"

ரூத் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

பதினோரு மணிக்கு அவரைக் கூட்டிப்போக அரசு வந்தான். ஒரே படகில் இருபது வருசம் கூட வலை இழுத்தவன். இடது கையால் பையைத் தூக்கினான். வலது மோதிர விரலில் துணி சுற்றியிருந்தது.

"இன்னாடா அது?"

"கெளுத்தி முள்ளு, அண்ணாத்த. அண்ணி டப்பாவுலேர்ந்து ரெண்டு மாத்திர வாங்கிப் போட்டேன். காச்சல் வுட்டுடுச்சி. மீதிய குட்த்துடலாம்னு எடுத்தாந்தேன்."

மாயவன் மனைவி ஜெகதாம்பாளின் பிஸ்கட் டப்பா குப்பத்துக்கே பொது. சிவப்பு மாத்திரை மூட்டு வலிக்கு, மஞ்சள் சீழுக்கு. உடம்பு தேறியதும் மீதியைத் திரும்பப் போட்டுவிட வேண்டும், அதுதான் மரியாதை. அரசு நீட்டிய மஞ்சள் மாத்திரை அட்டையை மாயவனுக்குத் தெரியும். கெளுத்தி குத்தியபோது அவரே இரண்டு போட்டுக்கொண்டு, வலி விட்டதும் திருப்பி வைத்தது. அப்போதும் வீக்கம் வற்றத்தான் செய்தது. மூன்றாம் வாரம், உதறல் எடுத்துக் கிடந்தவரைப் படகிலிருந்து தூக்கி இறக்கியவன் இதே அரசுதான்.

துணியை அவிழ்த்தார். விரல் பளபளவென்று வீங்கியிருந்தது. மணிக்கட்டு வரை செக்கச்செவேலென்று ஒரு கோடு.

"பஸ்ஸுக்கு நேரமாவுது அண்ணாத்த."

"குந்துடா." வார்டின் கோடி வரை கேட்கக் கூப்பிட்டார். "டாக்டரம்மா, இவன் வெரல கொஞ்சம் பாரு. காகிதத்த அப்பால வை. வெரலப் பாரு."

ரூத் விரலை மட்டும்தான் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அரசுவை உட்காரவைத்து, சீழெடுக்க ஆள் அனுப்பிவிட்டுத் திரும்பினாள்.

"அப்போ நா சொன்னத நம்புறீங்க, தாத்தா."

"யார் சொன்னது? பூச்சியாம், பழகிச்சாம்."

அரசுவின் மடியிலிருந்த பையைப் பிடுங்கிக்கொண்டார். மஞ்சள் அட்டையை இடுப்பில் செருகினார். ஊசிக்குழாய் செருகிய கையை, நனையாமல் கரையேறுகிறவன்போலத் தூக்கிப் பிடித்தபடி, முணுமுணுத்துக்கொண்டே தன் கட்டிலைப் பார்த்து நடந்தார்.